கடைசிக் கல்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, ஸ்டுட்கார்ட். கட்டடக்கலை மாணவர் கண்காட்சியில், சியோல் அரண்மனையின் அரியணை மண்டபம் ஐம்பதில் ஒரு பங்கு அளவில், மரத்தில் செய்து வைக்கப்பட்டிருந்தது. செய்தவன் கஜரூபன். வெளியே இரண்டடுக்குக் கூரை, உள்ளே ஒரே உயரக் கூடம், முற்றத்தில் அதிகாரிகள் தரவாரியாக நிற்பதற்கான கற்கள். மனித உருவம் எதையும் அவன் வைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

அவனுடைய அப்பா விஜயரத்தினம் உணவகச் சமையலறையிலிருந்து நேரே வந்தார். மண்டபத்தைக் கண்டதும் சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அப்பா, இது கோயில் இல்லை. போடுங்கோ."

"ராசா இருக்கிற இடமெல்லே தம்பி. அந்தக் கடைசிக் கல்லு ஆருக்கு?"

"ஒன்பதாம் தரத்துக்கு."

"அப்ப நான் அதுக்கும் பின்னாலை" என்று சிரித்தார்.

அந்நேரம் பேராசிரியர் வந்து, சப்பாத்தில்லாமல் நிற்பவர் யார் என்று கேட்டார். துப்புரவு வேலைக்கு வந்தவர் என்று கஜரூபன் ஜெர்மனில் சொன்னான். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கும் அப்பாவுக்கு அது விளங்கியது. சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் கஜரூபன் பெட்டியருகே போனான். பூட்டு பூட்டியபடியே இருந்தது. முற்றத்தில், கடைசிக் கல்லுக்கும் பின்னால், அரிசி மணியளவில் ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்துகள் இருந்தன. அப்பாவுடையதைப் போலவே இடது குதி தேய்ந்திருந்தது.

மறுநாள் அவனுக்கு முதற்பரிசு கிடைத்தது. நடுவர்கள் சப்பாத்துகளைத் தனியாகப் பாராட்டி, அது யாருடைய யோசனை என்று கேட்டார்கள். தன்னுடையது என்றான் கஜரூபன்.