மூவாயிரம் சுற்று

கோவிலூர் ஏற்றத்தில் ஈஸ்வரனின் பழைய கார் முக்கிக்கொண்டிருக்கிறது. வேகம் காட்டும் முள் செத்து மூன்று மாதம். மாற்றச் சொன்னால் கோபம் வரும் அவருக்கு. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஒன்று போதுமாம். "மூவாயிரம் சுத்து, ரெண்டாம் கியர். கியர் கணக்கால வகுத்து டயர் சுத்தளவால பெருக்கு. இருபத்தஞ்சு கிலோமீட்டர்!" என்கிறார் பக்கத்தில் இருக்கும் தங்கை மகள் ஆர்த்தியிடம். நர்ஸ் வேலைக்கு இன்று அவளுக்கு இன்டர்வியூ. ஒன்பது மணி மூணாறு பஸ்ஸை விட்டால் அது போச்சு. கேரட் வயல்களில் இளவெயில் விழுந்திருக்கிறது. தேய்ந்த கிளட்ச் கருகும் வாடை. எஞ்சின் சுற்றுவதில் பாதிகூடச் சக்கரத்துக்குப் போகவில்லை. தலையில் பூண்டு மூட்டையோடு பின்னாலிருந்து நடந்து வந்த ஊர்க்காரி சாந்தம்மாள் ஜன்னலை ஒட்டிக் கூடவே வருகிறாள். "என்னண்ணே, எனக்குத் துணைக்கு வாரீகளா?" ஈஸ்வரன் முள்ளையே பார்க்கிறார். இன்னும் மிதிக்கிறார். முள் மூவாயிரத்து அறுநூறுக்கு ஏறுகிறது. "இப்ப முப்பது!" சாந்தம்மாள் காரைத் தாண்டிப் போகிறாள். ஆர்த்தி ஃபைலை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கிறாள். கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவசரமில்லாமல், சாலையில் காலை வைத்து இறங்குகிறாள். "நீங்க முப்பதுலயே வாங்க மாமா. நான் நடந்துபோயி பஸ்ஸ நிப்பாட்டி வைக்கேன்."