நிரை இல்லாத தோட்டம்

லாபு எஸ்டேட்டை ஒட்டிய ஓராங் அஸ்லி பழங்குடி நிலத்தில் மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம். நேற்று சாய்த்த மரங்களில் வெட்டுவாய் இன்னும் காயவில்லை. லோரி மூக்கின்மேல் பெர்மாகல்ச்சர் வரைபடத்தை விரித்து, நிலத்துக்காரி சியாவுக்குத் திட்ட அதிகாரி விளக்குகிறார். "மேல டுரியான், அது நெழல்ல வாழை, கீழ மரவள்ளி. வரிசை கிடையாது, எல்லாம் கலந்தே வளரும்." படத்தில் பச்சை மை பளபளக்கிறது. சியா குனிந்து ஒரு டுரியான் அடிக்கட்டையைத் தடவுகிறாள். எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் வெட்டப் போய்ப் பழகிய தமிழில் மெல்லக் கேட்கிறாள்: "இதெல்லாந்தானே நேத்துவரைக்கும் இங்க இருந்துச்சு?" அதிகாரி, நிலத்தைச் சுத்தம் செய்த எஸ்டேட் மேஸ்திரி, மண்டோர் முத்தப்பனைப் பார்க்கிறார். முத்தப்பனின் கையிலிருந்த பாராங் கத்தி மெதுவாக முதுகுக்குப் பின்னால் போகிறது. "ரப்பர் மாதிரி நெரை புடிச்சு நிக்கலையே, சார். வெறும் காடுன்னு நெனச்சிட்டேன்."