சிவப்பு மறையவில்லை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளே. கைக்குள் அடங்குகிற கதை ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

கொம்பையா நடந்துகொண்டிருக்கிறார்.

இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. அவர் பிடிக்கவில்லை. ஒரு முழங்காலுக்குக் கீழே புதுச் செயற்கைக்கால்.

செயற்கைக்கால் பட்டறையில் வேலை பார்க்கிற ஒரு பெண் செய்தது.

இது அவளுக்குச் செயற்கைக்கால் உதவியாளர் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வு. போன முறை தோற்றுவிட்டாள். தேறினால் நோயாளியைத் தொட்டு அளவெடுக்கும் வேலை கிடைக்கும். இல்லையென்றால் பட்டறையில் மறுபடியும் அச்சுக்கான சுண்ண மாவு குழைக்க வேண்டியதுதான்.

"எப்படி இருக்கு?" தேர்வாளர் கேட்டார்.

"சொந்தக் கால் தோத்துச்சு சார். இனி வாழைத்தார் லாரியில நானே ஏறிருவேன்."

தேர்வாளர் சிரித்தார். பேனாவைத் திறந்தார்.

அவள் கொம்பையாவின் நல்ல காலைப் பார்த்தாள்.

புதுக்கால் தரையில் ஊன்றும்போதெல்லாம் அந்தக் காலின் விரல்கள் மடங்கிக்கொண்டன.

"அண்ணாச்சி, உட்காருங்க."

"எதுக்குத் தாயி? நல்லாத்தான இருக்கு?"

புதுக்காலைக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்த துணியுறையையும் உருவினாள். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் முண்டி நிற்கிற சின்ன எலும்பின் மேல் சிவப்பு.

கொஞ்ச நேரத்தில் தானே மறைந்துவிட்டால் பயமில்லை.

காத்திருந்தாள்.

கொம்பையா கையால் மூடப் பார்த்தார். "கொசு கடிச்சிருக்கும்."

அந்தக் கையை மெல்ல எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

மறையவில்லை.

"அச்சு எடுக்கும்போது காலை இறுக்கிப் பிடிச்சிருந்தீங்களா?"

"ஆடிச்சுன்னா உனக்குக் கெட்டுப்போயிரும்லா. மூச்சைக்கூடப் பிடிச்சுக்கிட்டேன்."

இறுகிய தசைக்கு எடுத்த அச்சு. தசை தளர்ந்ததும் எலும்பு போய் இடிக்கிறது.

அன்றைக்கே அவள் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"பொருந்தலைன்னு சொல்றியாம்மா?" தேர்வாளர் கேட்டார். "சொன்னா அதைத்தான் நான் எழுதணும்."

"பொருந்தலை சார். எழுதிக்கோங்க."

"ஏ பிள்ள, சும்மா இரு!" கொம்பையா பதறினார். "சார், அவ பேச்சைக் கேக்காதீங்க. எனக்கு ஒண்ணும் செய்யலை. இன்னொரு நடை நடந்து காட்டட்டுமா?"

தேர்வாளர் எழுதினார்.

எழுதி முடித்தும் போகவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுபடி அச்சு எடுக்க அவள் புது மாவுத்துணிச் சுருளை எடுத்து வைத்தாள். தண்ணீர் வாளியை நகர்த்தினாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் கொம்பையாவின் மிச்சக் காலைப் பொத்திப் பிடித்தாள்.

கல் மாதிரி இருந்தது.

"விட்டிருங்க, அண்ணாச்சி."

கைகளை எடுக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

தசை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"வலிச்சுது தாயி," என்றார் கொம்பையா. "ரொம்ப."

உங்கள் வீட்டில் யாரும் வலியை ஒளித்து வைக்க வேண்டி வராமல் இருக்கட்டும், கண்ணுகளே. ஒளித்தாலும், பொறுமையாகத் தொட்டுப் பார்க்க ஒரு கை அங்கே இருக்கட்டும்.