ஒரே ஒரு பிரதி

இன்றைக்கும் அந்த நீலச் சட்டைக்காரர் முந்திக்கொண்டுவிட்டார். யூலா நூலகத்துக்குள் நுழைந்தபோது, அறுநூற்று நாற்பது பக்க அறிக்கையை இரண்டு கையாலும் அணைத்தபடி ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார். புதனும் இப்படித்தான், வியாழனும் இப்படித்தான்.

மேங்கோ டிரேஸ் தெருவுக்கு மேலே மலைச்சரிவை வெட்டித் தொண்ணூற்று நாலு பங்களா கட்டப் போகிறார்கள். அதற்கு அரசாங்கம் அனுமதி தருவதற்கு முன்னால் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டுமாம். கேட்கிற லட்சணத்தைக் கேளுங்கள்: டிரினிடாட் தீவு முழுவதற்கும் திட்ட அறிக்கையின் ஒரே பிரதி, அது எங்கள் நூலகத்தில். வெளியே எடுத்துப் போகக் கூடாது, நகல் எடுக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். கருத்தை எழுதிப் பெட்டியில் போட இன்று வெள்ளிக்கிழமை மூன்று மணிதான் கடைசி.

யூலாவின் வீடு அந்தச் சரிவின் அடியில், ஓடையை ஒட்டி இருக்கிறது. போன மழைக்கே ஃபிரிட்ஜ் மிதந்தது. மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு வீடு மிஞ்சுமா என்பதுதான் அவள் பயம். அதற்காகத் தலை பின்னும் கடையை மூன்று நாளாகச் சாத்திவிட்டு வந்து நிற்கிறாள்.

"மிஸ் கிளெண்டா, இது என்ன கூத்து? அந்தாளு பாட்டன் சொத்தா அது?"

நூலகர் கிளெண்டா மூக்குக்கண்ணாடியை இறக்கினாள். "முதல்ல வர்றவங்களுக்கு முதல்ல. கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

யூலா நேரே போய் அவருடைய மேசையைத் தட்டினாள். "மிஸ்டர், கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்? ஊர்க்காரங்க படிச்சிடக் கூடாதுன்னு உங்களைக் காவலுக்கு வச்சிருக்கானா?"

அவர் பதறிப் போனார். மூன்று நாள் படித்ததில் கண்கள் சிவந்திருந்தன. "ஐயோ, நான் கம்பெனி ஆளு இல்லம்மா. இதைப் படிக்கலேன்னா என் மானம் போயிரும். திங்கட்கிழமை என்னை நிக்க வச்சுக் கேள்வி கேக்கப் போறாங்க."

"யாரு, உங்க தெருக்காரங்களா?"

"எல்லாருந்தான்."

யூலாவுக்கு மனசு இளகிவிட்டது. அவள் தெருவும் அப்படித்தான். கருத்துச் சொல்ல இவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, மற்றவர்கள் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நகந்து உக்காருங்க. சேந்தே படிப்போம்."

விதியைச் சொல்லக் கிளெண்டா வாயெடுத்தாள். யூலா திரும்பிப் பார்த்தாள். கிளெண்டாவுக்கு அலமாரியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

"கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க ஐயா. முடிவுல என்ன எழுதியிருக்கான்னு பாப்போம்."

"அது வேண்டாம்மா. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். முன்னாடி இருக்கறதுதான் தெரியலை."

நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வரைபடம் வந்தது. யூலா விரலை வைத்துத் தேடினாள். "இதென்ன, ஓடையைக் காணோம்?"

"ஓடையா? அங்க ஓடை ஒண்ணு இருக்கா?"

"நல்லா கேட்டீங்க போங்க! இருபத்தாறு வருஷமா அது பக்கத்துலதான் குடியிருக்கேன். இங்க பாருங்க, ஓடையை மூடிப் பச்சையைப் பூசி, பூங்கான்னு எழுதியிருக்கான் படுபாவி. அப்போ மலைத் தண்ணி எங்க போகும்? என் அடுப்படிக்குத்தான் வரும்."

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டார். அவள் எழுந்து நின்று இடுப்பைக் காட்டினாள். எத்தனை வீடு என்று கேட்டார். ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி எண்ணினாள். தன் பேச்சை இவ்வளவு அக்கறையாகக் கேட்ட ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை. சந்தோஷத்தில், மதியத்துக்கு வாங்கி வந்திருந்த டபுள்ஸ் ரொட்டியில் ஒன்றை அவருக்குக் கொடுத்தாள். கடலைக் குழம்பு ஒழுக ஒழுக இருவரும் சாப்பிட்டார்கள்.

இரண்டரைக்கு யூலா கருத்துத் தாளில் எழுத உட்கார்ந்தாள். அவரே எட்டிப் பார்த்துத் திருத்தினார். "ஓடையை முதல் வரியிலயே போடுங்க. இது ஒண்ணு போதும்மா. இதைப் படிச்சிட்டு எவனும் அனுமதி குடுக்க முடியாது."

"நெசமாவா சொல்றீங்க?"

"சத்தியமா."

யூலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு பிழைத்தது என்றே நினைத்தாள். தாளை நாலாக மடித்துக் காலிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, துள்ளாத குறையாகத் திரும்பி வந்தாள்.

"நீங்களும் ஒண்ணு எழுதுங்க ஐயா, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல உக்காந்திருக்கற அந்தப் பெரிய மனுஷன், அனுமதில கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு கடுதாசியாவது படிக்கட்டும்."

அவர் அறிக்கையை மூடினார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டியையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"போன மாசமே நான் கையெழுத்துப் போட்டுட்டேம்மா."