குளியலறைக் குழாய்

“பேரெல்லாம் வேண்டாம். என் மண்டையில பேர் நிக்காது. வீட்டுல என்ன கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, இந்த வகுப்புல அதுதான் உங்க பேர்,” என்றார் பிளம்பர்.

முன்வரிசையில் இருந்த எலும்பு மருத்துவர் இதை எதிர்பார்க்கவில்லை.

வந்தவுடன் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுப்பார்கள், வேலையைக் கற்றுக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடலாம் என்று நம்பி வந்தவர் அவர். முன்வரிசையில் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு முகம் தெரியாது என்று கணக்குப் போட்டு, தொப்பியையும் புருவம்வரை இறக்கிவிட்டிருந்தார்.

ஹார்டுவேர் கடையின் மாடி அறை அது. நீளப் பலகை ஒன்றில் ஆறு குழாய்களைப் பொருத்தி, அடியில் ஆறு வாளிகள் வைத்திருந்தார்கள். ஸ்பேனர்கள் எல்லாம் பிளம்பரின் மேசைக்குள் பூட்டிக் கிடந்தன.

அதற்குக் காரணம் உண்டு. போன வகுப்பில் ஒரு குழாய் பிய்த்துக்கொண்டு அடித்ததாம். யாராவது வால்வை மூடுங்கள் என்று பிளம்பர் கத்த, அந்த ‘யாராவது’ யாரென்று பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கீழே கடையில் இருபது மூட்டை சிமெண்ட் கல்லாகிவிட்டது. அன்றிலிருந்து, அறிமுகம் முடியாமல் யார் கையிலும் ஸ்பேனர் கிடையாது.

அவரே தொடங்கி வைத்தார். ஊரிலுள்ள குழாயையெல்லாம் சரிசெய்கிற அவர் வீட்டில், மொட்டைமாடித் தொட்டி நான்கு மாதமாக ஒழுகுகிறது. ஆகவே அவர் பெயர் தண்ணீர்த் தொட்டி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு யாருக்கும் வெட்கமில்லை.

தையல்காரம்மா ‘ஃப்ளஷ் டேங்க்’ ஆனார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ‘மோட்டார்’. மாமனார் வீட்டு சிங்க்கைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று இருந்ததையும் உடைத்துவிட்டு வந்திருந்த புது மாப்பிள்ளை, வேறு வழியில்லாமல் ‘சிங்க்’. ஃப்ளஷ் டேங்க் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் தனக்குப் பலகை தெரியும் என்று மோட்டார் கேட்டுக்கொள்ள, அதற்கும் ஒரு சிரிப்பு.

நடுவில் கதவு இரண்டு முறை திறந்து மூடியது. தாமதமாக வந்தவர்கள் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். மருத்துவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கவலை அவருக்கு.

வீட்டில் குளியலறைக் குழாய் பதினோரு நாளாகச் சொட்டுகிறது. முதல் நாளே ஆளைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. முழங்காலுக்கே திருகாணி போடுகிறவன், ஒரு குழாய்க்கு ஆளைக் கூப்பிடுவதா என்று மார்தட்டியவர் இவர்தான். தினமும் சாயங்காலம் ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கினார். மறுநாள் வந்து பார்த்தால் முன்னைவிட அதிகமாகச் சொட்டியது.

மனைவி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கீழே இருந்த சின்ன வாளியை எடுத்துவிட்டுப் பெரிய வாளியை வைத்தாள்.

அந்தச் சொட்டு அவர் மண்டைக்குள் போய்விட்டது. வியாழக்கிழமை அறுவை சிகிச்சையின்போது, இருபது வருடமாகப் போடுகிற அதே திருகாணியை மூன்று முறை சரிபார்த்தார். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். தன் கையையே நம்ப முடியாதவன் இனி எந்தத் தைரியத்தில் அடுத்தவர் காலைத் தொடுவது? அவர் நிஜமாகவே பயந்துபோனார். இங்கே வந்ததும் அந்தப் பயத்தில்தான்.

அவர் முறை வந்தது. சும்மா ஆர்வத்தில் வந்ததாக ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். பக்கத்தில் சிங்க் மாப்பிள்ளை அசட்டுச் சிரிப்போடு அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில், அந்தப் பொய்யைக் கைவிட்டுவிட்டார்.

“குளியலறைக் குழாய்,” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மார்தட்டியது, தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் மருத்துவ மாநாடு என்று மனைவியிடம் புளுகிவிட்டு வந்தது, வியாழக்கிழமை திருகாணி வரைக்கும்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் கைபேசியில் இருந்த குழாயின் படத்தை பிளம்பர் வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பெரிதாக்கி, எக்ஸ்ரேயை மருத்துவர் பார்ப்பாரே, அதே மாதிரி.

“இறுக்கினா சொட்டு நிக்காது சார், வாஷர்தான் நசுங்கும். ஆனா நீங்க மட்டும் கை வச்சிருந்தா இவ்வளவு கெட்டிருக்காது. இந்தப் பக்கம் இருக்கிறது ஸ்பேனர் தடம். இது என்ன, பல்லு பல்லா?”

மருத்துவருக்குத் தெரியவில்லை.

“இடுக்கி,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கிற இடுக்கி.”

மருத்துவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பிய அவர் மனைவி, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து நின்றாள்.

“நீங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினதும் தினமும் நானும் போய் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இறுக்குவேங்க. நின்னுட்டா, நீங்கதான் நிறுத்தினீங்கன்னு சொல்லிடலாம்னு பார்த்தேன்.”