குங்குமம் வைத்த வரி

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு வைத்தவர்கள், செல்வநாயகத்தின் திரையில் எப்போதும் திறந்தே கிடக்கும் அந்த ஒரு நிரல் வரியின்மேல் பக்தியோடு குங்குமம் வைத்திருந்தார்கள். பால் வண்டிகளுக்கு வழி சொல்லும் மென்பொருளில், கண்சிமிட்டும் நேரத்தில் ஒரு துணுக்கை மிச்சம் பிடிக்க அவன் வெறும் ஒற்றை எழுத்துகளால் பின்னிய வரி. வேகம்தான். ஆனால் அவனைத் தவிர யாருக்கும் புரியாது. அதனால் அவன் எடுத்த விடுப்பெல்லாம் போனிலேயே கழிந்தது. தங்கை கல்யாணத்தில் அட்சதையைக்கூட ஒரு கையால்தான் போட்டான்.

நாளை ஊரில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். காலையிலிருந்து உட்கார்ந்து அந்த வரியை அவிழ்த்து, வண்டி, தெரு, நேரம் என்று பெயர் வைத்து, ஒரு பக்கத்துக்கு நீட்டினான். பக்கத்து இருக்கை மஞ்சரி படித்துப் பார்த்தாள்.

"அட, இவ்வளவுதானா சார்? இதுக்கா இத்தனை வருஷமா பயந்தோம்?"

அவனுக்குக் கொஞ்சம் அவமானமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது.

மேலாளர் ஜெசிந்தா வேகத்தை அளந்து உதட்டைப் பிதுக்கினார். "துளி ஸ்லோவாயிடுச்சே நாயகம். பழசே இருக்கட்டும். நீங்க போனை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க."

"மேடம், அந்த வரி இதுவரைக்கும் மிச்சம் பிடிச்ச நேரத்தை மொத்தமா குடுங்க. அரை டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

"ஜோக்கெல்லாம் அப்புறம். மாத்துங்க."

பையைத் தோளில் மாட்டியபடியே மாற்றினான். பழைய வரி குங்குமத்துக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. போன் அடித்தது.

"கிளம்பிட்டியாப்பா?" என்றார் அப்பா.

மஞ்சரி எழுந்து வந்து, "எனக்குத்தான் இப்பப் புரியுமே சார், கிளம்புங்க" என்று துப்பட்டா நுனியால் அந்தக் குங்குமத்தை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள்.