அரிஸ்டாட்டிலின் அப்பா

"நிறுத்து! அப்பா செத்ததைச் சொல்லும்போது எவனாவது தோளைக் குலுக்குவானா? பீட்சா லேட்டா வந்த மாதிரி சொல்றே!" என்று சீறினார் பிச்சுமணி.

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் ஒரு காபிக் கடையின் பார்க்கிங். காருக்குள் பக்கத்து சீட்டில் ஷ்ரேயஸ், பதினேழு வயது, இஸ்திரி போட்ட நீலச் சட்டைக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். இன்னும் சற்று நேரத்தில் அந்தக் கடையில் அவனுக்கு இன்டர்வியூ. கிழக்குக் கரையில் உள்ள பெரிய யுனிவர்சிட்டி ஒன்று, தன்னிடம் படித்த ஒரு அம்மாளை அவனோடு பேசிப் பார்க்கச் சொல்லியிருந்தது.

பிள்ளைகளைப் பெரிய இடத்தில் நுழைக்கிற வித்தையில் பிச்சுமணியை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. சில வருடங்களுக்கு முன் விஷாகா என்ற பெண்ணையும் இப்படித்தான் தீட்டித் தீட்டி உள்ளே அனுப்பினார். போன நன்றிகெட்டவள், அதற்குப் பிறகு ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அப்ளை பண்ணினால் ஊர்ப்பட்ட இந்தியப் பையன்களோடு முட்டி மோத வேண்டும். ஃபிலாசஃபி பக்கம் ஈ காக்கா கிடையாது. அந்த வழியாக உள்ளே போய், அடுத்த வருடமே கம்ப்யூட்டருக்குத் தாவிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. சின்ன வயதில் அப்பாவை இழந்த அரிஸ்டாட்டிலோடு ஷ்ரேயஸை முடிச்சுப் போட்டு, அப்ளிகேஷன் கட்டுரையை எழுத வைத்ததும் அவர் மூளைதான்.

"மறுபடி சொல்லு. அரிஸ்டாட்டிலோட அப்பா யாரு?"

"நிக்கோமாக்கஸ். கிங்ஸ் டாக்டர்."

"அவர் போனப்புறம்?"

"ப்ராக்ஸெனஸ். கார்டியன். சென்ட் ஹிம் டு ஏதென்ஸ் அட் செவன்டீன்."

"உனக்கும் செவன்டீன். அதைச் சொல்லிட்டு ஒரு செகண்ட் நிறுத்து. கண்ணு கலங்கணும். தண்ணி கீழ விழக் கூடாது. விழுந்தா நடிக்கிறேன்னு கண்டுபிடிச்சுடுவா."

"வாட் இஃப் ஐ டோன்ட் ஃபீல் சேட்?"

பிச்சுமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு சீட்டுக்காக அவர் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறார். பையனோ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"ஃபீல் பண்ணித்தான் ஆகணும்! வார்த்தை வரலேன்னா, அப்பா இல்லாத வீட்டை அப்படியே கண்ணு முன்னாடி கொண்டு வா. அங்க என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

ஷ்ரேயஸ் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனான்.

பிச்சுமணி ஐந்து நிமிடம் கழித்து உள்ளே போய், யாரோ மாதிரி அடுத்த மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்.

அந்த அமெரிக்க அம்மாளிடம் பையன் ஆங்கிலத்தில் பொழிந்தான். ராஜ வைத்தியர், கார்டியன், ஏதென்ஸ், எல்லாம் சொல்லிக் கொடுத்தபடியே வந்தது. பிச்சுமணிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பா போன பிறகு வீடு எப்படி இருக்கிறது, ஷ்ரேயஸ்?"

"உண்மையைச் சொன்னால் உங்களுக்கு என்னைப் பிடிக்காது" என்றான் அவன். "நான் அழவில்லை. முன்பெல்லாம் அப்பாவின் காருக்காகக் கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் நானும் அம்மாவும் டிவியை அணைத்துவிட்டு ஆளுக்கொரு ரூமுக்கு ஓடுவோம். இப்போது அந்தச் சத்தம் இல்லை. அம்மா சமைக்கும்போது பாடுகிறாள். அவளுக்குப் பாட வரும் என்றே எனக்குத் தெரியாது. அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறாள்."

பிச்சுமணி லேப்டாப்பை மெல்ல மூடினார். இதில் ஒரு வரிகூட அவர் சொல்லிக் கொடுத்ததில்லை.

"அரிஸ்டாட்டிலின் அப்பா உயிரோடு இருந்திருந்தால், பரம்பரைத் தொழில் என்று மகனையும் டாக்டராக்கியிருப்பார். உலகத்துக்கு அரிஸ்டாட்டிலே கிடைத்திருக்க மாட்டார். எல்லோரும் அவருக்காகப் பரிதாபப்படுகிறார்கள். எனக்கென்னவோ, கொடுத்து வைத்தவர் என்றுதான் தோன்றியது."

எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்து சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் துடைக்கவில்லை. பிச்சுமணிக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் கைகளைப் பற்றிக்கொண்டாள். "எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். யாரும் இவ்வளவு நிஜமாகப் பேசினதில்லை. உனக்காக நான் அவர்களிடம் சண்டையே போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சீட்டு கிடைத்த மாதிரிதான்.

ஷ்ரேயஸ் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். நிதானமாக வந்து பிச்சுமணிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். காலையிலிருந்து இங்கிலீஷைத் தவிர வேறெதுவும் பேசாதவன், இப்போது தமிழில் கேட்டான்.

"எப்படி இருந்துச்சு, அப்பா?"